சூடானால் வரும் சத்தம்

எங்கள் வீட்டில் கீழே பனியன் கம்பெனி, மேலே குடித்தனம். கம்பெனி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கட்டிங் டேபிள், பதினெட்டு தையல் மெசின், இரண்டு அயர்ன் டேபிள், ஒரு செக்கிங் டேபிள். பெரிய கம்பெனிக்காரர்கள் துணியைக் கொடுத்தால் தைத்துக் கொடுப்போம். காலையில் படி இறங்கினால் வேலை, மதியம் படி ஏறினால் சமையல், மறுபடி இறங்கினால் மறுபடி வேலை. மொத்தம் பதினேழு படி. கல்யாணமாகி வந்த பன்னிரண்டு வருடத்தில் நான் அதிகமாகப் போய்வந்த பயணம் அதுதான்.

செக்கிங் என் பொறுப்பு. தைத்து வரும் பீஸை விரித்துப் போட்டு, டேப் வைத்து அளந்து, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தப்பு இருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நான் ஒட்டினால் ஒட்டியதுதான். தைத்தவர் முறைக்கலாம், என் கணவர் தலையைச் சொறியலாம், ஆனால் "இதுல என்ன இருக்குது?" என்று யாரும் கேட்டதில்லை. அந்த வீட்டில் என் பேச்சு முழுசாகச் செல்லும் இடம் அந்த மேசை ஒன்றுதான். அதனால் நான் அங்கே பொய் சொன்னதே கிடையாது. ஒரே ஒரு தடவையைத் தவிர.

அந்த மேசைக்குப் பின்னால், ஷட்டரை ஒட்டி, ஒரு டூரிங் பைக் நிற்கிறது. உயரமான வண்டி. பெரிய டேங்க், முன்னால் காற்றுத் தடுக்கும் கண்ணாடி, பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி மாட்டக் கம்பி. லடாக் வரைக்கும் போகிறவர்கள் வாங்குகிற வண்டி. ஆறு வருடம் முன்னால் என் கணவர் வாங்கினார். அப்போது அவருடைய சினேகிதர்கள் எல்லோருக்கும் அந்தக் கிறுக்குப் பிடித்திருந்தது. இவர் வால்பாறைக்கு ஒரு தடவை போனார், கொல்லிமலைக்கு ஒரு தடவை போனார். கொல்லிமலையிலிருந்து வந்து இறங்கியவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் கட்டிலை விட்டு எழவில்லை. அதோடு வண்டி ஷட்டர் ஓரம் நின்றுவிட்டது. கொஞ்ச நாளில் அதன் சீட்டின் மேல் வேஸ்ட் துணி மூட்டையை வைக்க ஆரம்பித்தார்கள்.

எனக்கு நிற்கிற மெசினைப் பார்த்தால் பொறுக்காது. நான் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவள். அந்தப் படிப்பு கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் நின்றதோடு சரி என்றுதான் என் பிறந்த வீட்டிலும் நினைத்தார்கள், இங்கேயும் நினைத்தார்கள். ஆனால் ஓவர்லாக் மெசின் நின்றுபோய், மெக்கானிக் வர நாலு மணி நேரம் ஆகும் என்ற ஒரு நாளில் நான் ஸ்பேனரை எடுத்தேன். அதற்குப் பிறகு மெக்கானிக்கைக் கூப்பிடுவதை எங்கள் வீட்டில் மறந்துவிட்டார்கள். "அவளுக்கு மெசினு பேசும்" என்று என் மாமியார் சொந்தக்காரர்களிடம் சொல்லுவார். பெருமையாகத்தான் சொல்லுவார். பெருமைக்குப் பெருமையும் ஆச்சு, மெக்கானிக் கூலியும் மிச்சம்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூட்டையை இறக்கிவிட்டு வண்டியைத் துடைத்தேன். பேட்டரி செத்துப்போயிருந்தது. சார்ஜ் போட்டேன். ஆயில் மாற்றினேன். செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். பிரேக் பேடை உருவிப் பார்த்தேன். தெரியாததைப் போனில் தேடிப் படித்தேன். துடைக்கத் துணிக்குப் பஞ்சமே இல்லை. ஊர் உலகத்தில் இருக்கிற ஒர்க்‌ஷாப்புக்கெல்லாம் கைதுடைக்கும் துணி போவது எங்கள் திருப்பூரிலிருந்துதான். நான் ரிஜெக்ட் செய்த பீஸை வைத்தே வண்டியைத் துடைத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் அது ஸ்டார்ட் ஆனபோது செக்கிங் டேபிளே அதிர்ந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

பிறகு ஒரு நாள் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். நான் ஐந்தடி ஒரு இன்ச். அந்தச் சீட்டு தரையிலிருந்து முப்பத்தொன்றரை இன்ச். உட்கார்ந்தால் இரண்டு காலிலும் கட்டைவிரல் நுனிதான் தரையைத் தொட்டது. வண்டி ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தது, இறங்கிவிட்டேன்.

இங்கே எங்கள் தொழிலில் உள்ள ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஆர்டரில் மார்பு அகலம் இருபது இன்ச் என்று இருந்தால் பத்தொன்பதரையும் பாஸ், இருபதரையும் பாஸ். துணி என்றால் முன்னே பின்னே இழுக்கும். அந்த அரை இன்ச்சுக்கு டாலரன்ஸ் என்று பெயர். அரை இன்ச்சை யாரும் கேட்கமாட்டார்கள். கேட்க வேண்டியவள் நான், நானே விட்டுவிடுவேன்.

சீட்டைக் கழற்றி, கவரைப் பிரித்து, உள்ளே இருந்த பஞ்சில் அரை இன்ச் சீவினேன். கவரைத் திரும்பத் தைக்கும்போது மெசினில் இரண்டு ஊசி உடைந்தது. ஷட்டர் ஓரத்தில் நிறுத்திவிட்டு ஒரு வாரம் காத்திருந்தேன். யாரும் கவனிக்கவில்லை. ஆறு மாதம் கழித்து இன்னொரு அரை இன்ச். அடுத்து பின் ஸ்பிரிங்கைத் தளர்த்தினேன், அதில் ஒரு அரை. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கைக் கிளாம்பில் மேலே தள்ளினேன், அதில் ஒரு அரை. ஹேண்டில்பாரை என் கைக்கு எட்டுகிற மாதிரி பின்னால் இழுத்தேன். கிளட்ச் லீவர் என் விரலுக்குத் தூரமாக இருந்தது, அதையும் கிட்டே கொண்டுவந்தேன். வண்டி தாழ்ந்துவிட்டதால் சைடு ஸ்டாண்டு நீளமாகிப்போய் வண்டி நேராக நின்றது, ஒரு பக்கம் லேசாக இடித்தால் விழுந்துவிடும். ஸ்டாண்டை அறுத்து, கட்டிங் டேபிளுக்குக் கால் வைத்துக் கொடுத்த வெல்டரிடம் ஒட்டவைத்தேன். நாலு வருடத்தில் அந்த வண்டி என் அளவுக்கு வந்துவிட்டது.

செக்கிங்கில் என்னோடு இருக்கும் பெண்கள் பாதிப்பேர் தெற்கத்திக்காரர்கள். அதில் ஒருத்தி, நான் வண்டியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, "ஏக்கா, சீவி முடிச்சுப் பொட்டு வைக்கதுதான் பாக்கி. எப்பம்க்கா ஓட்டப் போறீய?" என்று கேட்டாள். இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது என்றேன். எப்போது கேட்டாலும் அதையேதான் சொன்னேன். எனக்கு நானேயும் அதைத்தான் சொல்லிக்கொண்டேன்.

என்னை யாரும் போகாதே என்று சொன்னதில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். சொல்லியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருப்பேன். நான் ஸ்கூட்டரில் போகாத சந்து திருப்பூரில் இல்லை. பட்டன் தீர்ந்தால் போவேன், எலாஸ்டிக் கலர் மாறிவிட்டால் போவேன், பெண்ணை ஸ்கூலில் விடப் போவேன், மாமியாருக்கு மாத்திரை வாங்கப் போவேன். வேலை இருந்தால் எங்கே வேண்டுமானாலும் போகலாம். வேலை இல்லாமல் ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு, ரோடு இருக்கிறது என்பதற்காகப் போவது என்ற ஒன்று எங்கள் வீட்டில் ஆண்களுக்கு மட்டும்தான் தெரியும். என் கணவர் நல்லவர். கேட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருக்கமாட்டார், "எதுக்கு?" என்றுதான் கேட்டிருப்பார். அந்த எதுக்குவுக்கு என்ன சொல்வது என்று படியேறும்போதும் இறங்கும்போதும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். மூச்சு முட்டுகிறது என்று சொன்னால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள்.

போன வருடம் ஒரு வியாழக்கிழமை காலையில் என் கணவர் செக்கிங் டேபிளுக்கு வந்தார்.

"ஞாயித்துக்கெழம நாங்க ஏழெட்டுப் பேரு ஏற்காடு போறம். வண்டி ஓடுமில்ல?"

"ஓடுமுங்க" என்றேன். அவர் மேசையைச் சுற்றி வண்டியிடம் போனார்.

அவர் ஐந்தடி பத்து இன்ச். காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு முழங்காலும் டேங்கைத் தாண்டி மேலே வந்து நின்றன. ஹேண்டில்பாரைத் திருப்பினார், அது தொடையில் இடித்தது. இறங்கி வண்டியைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார். கொல்லிமலைக்கு இந்த வண்டியிலா போனோம் என்று அவருக்கே சந்தேகம் வந்திருக்கும்.

"ஏம்புள்ள, சீட்டு கீழ எறங்குனாப்ல இருக்குது?"

"ஆமாங்க."

"எவ்வளவு எறக்குன?"

"அரை இன்ச்சுங்க" என்று ஆரம்பித்தவள், நிறுத்திவிட்டு, "நாலஞ்சு தடவ" என்றேன்.

மேசையில் இருந்த பெண்கள் எல்லாம் பீஸைக் கையில் வைத்தபடி குனிந்துகொண்டார்கள். அவர் கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. என்னை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். நான் ஒரு பீஸை அளப்பது மாதிரியேதான் பார்த்தார்.

"உன்ற அளவுக்கா வெட்டியிருக்கற? நீ ஓட்டவா போற?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார். நாலு வருடமாக நான் காத்திருந்த கேள்வி அதுதான். ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பத்துப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இடத்தில் எனக்கு வாய் வரவில்லை.

"சும்மா செஞ்சு பாத்தனுங்க" என்றேன்.

"செரி, சனிக்கெழமைக்குள்ள பழையபடி ஆக்கிரு" என்று சொல்லிவிட்டு, போன் வந்ததும் பேசிக்கொண்டே கட்டிங் பக்கம் போய்விட்டார்.

சீவிய பஞ்சை எல்லாம் ஒரு பாலிதீன் கவரில் போட்டு வைத்திருந்தேன். அதை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை போட்டு ஒட்டினேன். ஸ்பிரிங்கை இறுக்கினேன். ஃபோர்க்கை இறக்கினேன். ஹேண்டில்பாரைத் தள்ளினேன். நாலு வருடம் செய்ததைப் பிரிக்க ஒன்றரை நாள் போதுமாக இருந்தது. சைடு ஸ்டாண்டை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. இரும்பை அறுத்தால் அறுத்ததுதான். வண்டி உயர்ந்துவிட்டதால் அது இப்போது ரொம்பச் சாய்ந்து நின்றது. அடியில் ஒரு பலகைத் துண்டைக் கொடுத்தேன். ஒவ்வொரு போல்ட்டையும் ஒழுங்காகத்தான் இறுக்கினேன்.

எங்கள் கம்பெனியில் ரிப்பேர் பார்த்த மெசினை வேஸ்ட் துணியில் ஓட்டிப் பார்க்காமல் லைனில் போடமாட்டோம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே மாடிக்குப் போய் மாமியாரிடம் சொன்னேன். "வண்டியக் கொஞ்சம் ஓட்டி டெஸ்ட்டு பாத்துட்டு வர்றனுங்க அத்தை."

அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையைக்கூடத் தூக்கவில்லை. "பாத்துப் போ சாமி. வரும்போது தயிரு வாங்கீட்டு வந்துரு."

அவ்வளவுதான். நாலு வருடம் நான் பூட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தது அவ்வளவுதான். படியிறங்கும்போது எனக்குச் சந்தோசம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

கணவரின் ஹெல்மெட் தொளதொளவென்று இருந்தது. உள்ளே பனியன் துணியைச் சுருட்டி வைத்து மாட்டிக்கொண்டேன். துப்பட்டாவைக் குறுக்கே இறுக்கிக் கட்டினேன். வண்டியை ஷட்டருக்கு வெளியே தள்ளி, திண்டில் கால் வைத்து ஏறி, பெருமாநல்லூர் ரோட்டுக்கு வந்தேன். முதல் சிக்னலில் நிறுத்த வேண்டியிருந்தது. பயந்துகொண்டேதான் நிறுத்தினேன். வலது கால் பிரேக்கில், இடது காலின் முன்பாதம் தரையில். வண்டி நின்றது. சாயவில்லை. பக்கத்தில் ஸ்கூட்டரில் இருந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டு, பிறகு சிக்னலைப் பார்த்தார். பச்சை விழுந்தது, கிளம்பினேன்.

அப்போதுதான் உறைத்தது. ஒரு கால் போதும். நிற்க ஒரு கால் போதும். முதல் நாள் ஷட்டருக்குள்ளே இரண்டு காலையும் ஒரே நேரத்தில் ஊன்றப் பார்த்து, எட்டவில்லை என்று இறங்கினேனே, கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்து ஒரு காலை ஊன்றியிருந்தால் அன்றைக்கே போயிருக்கலாம். நான் போகாமல் இருந்தது வண்டி பெரிதாக இருந்ததால் இல்லை. அளவு எடுப்பதும் வெட்டுவதும்தான் எனக்குத் தெரிந்த வேலை, அதனால் அதையே செய்துகொண்டு உள்ளேயே இருந்துவிட்டேன். ஹெல்மெட்டுக்குள் என்னை நானே திட்டிக்கொண்டேன். கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னேன்.

பெருமாநல்லூர் தாண்டி பைபாஸில் ஏறியதும் திட்டுவது நின்றுவிட்டது. நாலாவது கியர், ஐந்தாவது கியர். ஐந்தாவது கியரை நான் அதுவரை போட்டதே இல்லை. ஷட்டருக்குள் ஐந்தாவது கியருக்கு என்ன வேலை? இன்ஜின் சத்தம் இறங்கி ஒரே சீராக ஆனது. ஒரு இடத்தில் ஒரு தட்டல் இல்லை, ஒரு கரகரப்பு இல்லை. என் கையால் பார்த்த வேலை அது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோசத்தை என் பெண் பிறந்தபோது வந்ததற்கு அடுத்ததாகத்தான் சொல்ல முடியும்.

செங்கப்பள்ளி பாலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டைக் கல்லைத் தேடி வைத்தேன். ரோடு நேராகக் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. பெருந்துறை, பவானி, சேலம் என்று பலகையில் எழுதியிருந்தது. லாரிகள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. ஐந்து நிமிடம் இருந்திருப்பேன். போன் அடித்தது. மாமியார்.

"கண்ணு, துணி லோடு வந்து நிக்குது. எங்க எறக்கறதுன்னு கேக்கறாங்க."

"இதா வந்தர்றனுங்க" என்று சொல்லி வண்டியைத் திருப்பினேன். தயிர் வாங்க மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஏற்காடு போனார். ஷட்டரை நான்தான் தூக்கிவிட்டேன். திங்கட்கிழமை மறுபடி இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும்போது, குப்புறப் படுத்தபடியே, "வித்தர்லாம் புள்ள" என்றார். "எனக்கு ஒத்து வரல. எடத்த அடைச்சுக்கிட்டு எதுக்கு நிக்கோணும்?"

"செரிங்க" என்றேன். செரிங்க என்று சொல்லிப் பழகிய வாய். அது தன்பாட்டுக்குச் சொல்லிவிடும்.

வாங்க வந்தவர் வெள்ளகோவில்காரர். முப்பது வயது இருக்கும், எண்ணெய் மில் வைத்திருக்கிறாராம். வண்டி தெரிந்தவர். உட்கார்ந்து செயினைச் சுற்றிப் பார்த்தார், டிஸ்க்கில் விரலை ஓட்டினார், ஆயில் மட்டம் பார்க்கும் கண்ணாடியில் டார்ச் அடித்தார். ஸ்டார்ட் செய்து காதைக் கொடுத்துக் கேட்டார். சைடு ஸ்டாண்டைக்கூடப் பார்த்துவிட்டு, அது பெரிய விசயமில்லை என்றார்.

"புதுசாட்டவே வச்சிருக்கீங்க. எந்த மெக்கானிக்குங்க?"

என் கணவர் முகமெல்லாம் சிரிப்பாக என் பக்கம் கை காட்டினார். "ஊட்டுலயே தானுங்க. எல்லாம் இவதான். இவ பாஸ் பண்ணுனா மறுபடி பாக்க வேண்டீதில்லீங்க."

நான் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மேசையருகில் நின்றிருந்தேன். வந்தவர் எழுந்து என்னிடம் வந்தார். மரியாதையாகக் கேட்டார். "ஏனுங்கக்கா, நீங்களே சொல்லுங்க. ஏதாவது கம்ப்ளைண்ட் இருக்குதுங்களா?"

அந்த வண்டியில் ஒரு கம்ப்ளைண்டும் இல்லை. என் பன்னிரண்டு வருடத்தில் நான் பார்த்த எந்தப் பீஸும் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. இல்லீங்க என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அது அன்று மதியமே காங்கேயம் ரோட்டில் போய்விடும். எனக்குப் பதினேழு படி மிஞ்சும்.

"ஒரு சத்தம் வருதுங்க" என்றேன்.

"எங்கீங்க? இப்ப நல்லாத்தான கேட்டுது?"

"இப்பக் கேக்காதுங்க. முப்பது கிலோமீட்டர் ஓடி, நல்லாச் சூடானாத்தான் வரும். இன்ஜினுக்குள்ளதான். எதுலன்னு இன்னும் புடிபடலீங்க."

என் கணவர் திகைத்துப்போய்ப் பார்த்தார். "எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

"அன்னிக்கு டெஸ்ட்டு போனப்பத்தானுங்க கேட்டுது. ஏற்காட்டுக்கு ஏழெட்டு வண்டி சேந்து போனதுல உங்களுக்குக் கேட்டிருக்காதுங்க."

வந்தவர் கொஞ்ச நேரம் யோசித்தார். இன்ஜினுக்குள் சத்தம் என்றால் யாரும் யோசிப்பார்கள். பிறகு கையெடுத்துக் கும்பிட்டார். "விக்கிறவங்க இப்பிடிச் சொல்றதப் பாத்ததே இல்லீங்கக்கா. நல்லா இருப்பீங்க" என்றார். டீ குடித்துவிட்டுப் போனார். அவர் கும்பிட்டது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. நல்ல பீஸில் அம்பு ஒட்டிவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் மேசையில் எதைப் பார்த்தாலும் இரண்டு தடவை பார்த்தேன்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால் இன்ஜின் மேல் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. என் கணவர் ஒட்டியது. "சத்தத்தக் கண்டுபுடிச்சுரு. அப்பறம் வித்துக்கலாம். கோளாறோட ஒருத்தர் தலையில கட்டக்கூடாது" என்றார்.

அப்படியாக எனக்கு ஒரு வேலை வந்தது. சத்தம் முப்பது கிலோமீட்டர் போனால்தான் வரும், அதனால் போய்த்தான் பார்க்க வேண்டும். புதன்கிழமை கொஞ்சம் லோடு குறைவு. புதன்கிழமைதோறும் பத்து மணிக்குக் கிளம்பி, பெருமாநல்லூர் வழியாகச் செங்கப்பள்ளி பாலம் வரை போய், ஸ்டாண்டுக்கு அதே தட்டைக் கல்லை வைத்து ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்புவேன். இருக்கிற நேரத்துக்கு அவ்வளவுதான் போக முடியும். பன்னிரண்டு மணிக்கு அயர்னுக்குப் பீஸ் கொடுக்க வேண்டும். தயிர் வாங்க வேண்டும்.

"கெடச்சுதா கண்ணு?" என்று மாமியார் கேட்பார்.

"இன்னும் இல்லீங்க அத்தை."

எட்டு மாதம் இப்படி ஓடியது. என்னவொரு பிழைப்பு என்று சில நாள் தோன்றும். சத்தம் கிடைத்தால் வண்டி போய்விடும். சத்தமே இல்லை என்று சொன்னாலும் போய்விடும். நான் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த வண்டி நன்றாக ஓடுகிறது என்று ஒருவரிடமும் வாய் திறந்து சொல்ல முடியாது. பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்கவும் முடியாது. ஒரு கூண்டிலிருந்து இன்னொரு கூண்டுக்கு வந்திருக்கிறேன், இதில் கொஞ்சம் காற்று வருகிறது. சூட்டில் அந்த அம்பு ஸ்டிக்கர் சுருண்டு கருத்துவிட்டது. நான் உரிக்கவில்லை.

போன மாதம் ஒரு புதன்கிழமை நான் ஹெல்மெட்டை எடுக்கும்போது என் கணவர் வந்து நின்றார்.

"நானும் வர்றன். ரெண்டு பேராக் கேட்டாக் கெடைக்குமான்னு பாக்கலாம்."

இன்றைக்கு முடிந்தது என்றே நினைத்தேன். மேசைப் பெண்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஏறி உட்கார்ந்தேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினார். எண்பத்திரண்டு கிலோ. ஸ்பிரிங் அமுங்கி வண்டி கீழே இறங்கியது. என் இரண்டு குதிகாலும் தரையில் நன்றாகப் பதிந்தன. நாலு வருடம் பஞ்சைச் சீவிச் சீவி நான் செய்ததை அவர் உட்கார்ந்தே செய்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பெருமாநல்லூர் வரை அவர் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். பைபாஸில் ஏறி ஐந்தாவது கியர் போட்டதும், காதருகில் குனிந்து, "நல்லா ஓட்டற புள்ள" என்றார். காற்றில் சரியாகக் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். எனக்கு நன்றாகவே கேட்டது. அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து இன்ஜினையே கேட்டுக்கொண்டு வந்தார். கண்ணாடியில் பார்த்தேன். நல்ல மனிதர், நிஜமாகவே தேடிக்கொண்டிருந்தார்.

செங்கப்பள்ளி பாலம் தெரிந்தது. தோளைத் தட்டினார்.

"ஒண்ணுங் கேக்கலயே. திருப்பு, லோடு வர்ற நேரமாச்சு."

தட்டைக் கல் கிடந்த இடத்தைத் தாண்டும்போது நான் ஆக்சிலேட்டரைக் குறைக்கவில்லை.

"இன்னுஞ் சூடாகோணுமுங்க" என்றேன்.

அன்றைக்குப் பெருந்துறை தாண்டியும் வண்டி சூடாகவில்லை.